டி-ஷர்ட் செலவைக் குறைக்கலாம்

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு நடை பற்றி வெளியான கட்டுரையில், அதன் வெற்றியைத் திரண்ட கூட்டத்தை வைத்தே கட்டுரையாளர் அளந்திருப்பது சற்று நெருடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன், அக்டோபர் மாத ஞாயிறு ஒன்றில், பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் நாங்கள் நடத்திய நடையிலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் வசூலான நன்கொடையில் பெரும்பகுதி இளஞ்சிவப்பு டி-ஷர்ட்டுக்கும் மேடைக்கும் ஒலிபெருக்கிக்குமே போய்விட்டதைக் கணக்கு முடிக்கும்போதுதான் உணர்ந்தோம்.

அன்று அருகிலுள்ள மீனவர் குடியிருப்பான ஊரூர் குப்பத்திலிருந்து மீன் விற்க வந்த அம்மா ஒருவர், கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் துண்டறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கட்டி இருந்தும் வலி இல்லையென்றால் பயப்பட வேண்டியதில்லைதானே என்று தாழ்ந்த குரலில் கேட்டார். தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதும், அதனாலேயே பலர் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பதும் எங்கள் அறிக்கையில் ஒரு வரியாகக்கூட இல்லை. முழக்கங்கள் மட்டும் நிறைய இருந்தன.

மறு ஆண்டு டி-ஷர்ட்டுக்குப் பதிலாக ரிப்பன் மட்டும் கொடுத்து, மிச்சமான பணத்தில் பெண் மருத்துவர் ஒருவரை அழைத்து, குப்பத்திலேயே திரை கட்டிப் பரிசோதனை முகாம் நடத்தினோம். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஆனாலும் ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டுப் போய்வருவது அப்பெண்களுக்கு எளிதல்ல என்பதால், மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு ஆட்டோ கட்டணத்தோடு அன்றைய வருமானத்தையும் நன்கொடையிலிருந்தே ஈடுசெய்தோம்.