காசில் சாமி எதற்கு?

டல்லாஸிலிருந்து வந்த மறுநாள் மச்சான் தன் பையில் கிடந்த அமெரிக்கச் சில்லறையை என் மகளிடம் கொட்டினார். அதில் ஒரு காசைத் தூக்கிக் காட்டி, "பாத்தியா, 'கடவுளை நம்புகிறோம்'னு காசுலயே அடிச்சிருக்கான். நம்ம ஊர்ல இப்படிப் போட்டா உங்கப்பா குதிப்பாரு" என்றார்.

குதிக்கத்தான் செய்வேன்.

அந்த வரி அவர்கள் நாடு பிறந்தபோதே வந்ததில்லை. உள்நாட்டுப் போரில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த 1864இல்தான் முதன்முதலாக இரண்டு சென்ட் காசில் ஏறியது. எல்லாக் காசிலும் நோட்டிலும் இருந்தாக வேண்டும் என்ற சட்டம் 1955இல், சோவியத்தோடு பனிப்போர் நடந்த காலத்தில் வந்தது. நடுவில் 1907இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் புதிய தங்கக் காசுகளில் அதை வேண்டாம் என்று விட்டார். அவர் நாத்திகர் இல்லை. காசில் போட்டதால் அந்த வாசகம் கேலிப்பொருளாகிவிட்டது, தபால்தலையிலோ விளம்பரத்திலோ போட்டால் எப்படி மலிவாகுமோ அப்படித்தான் இதுவும் என்பது அவர் கட்சி. அடுத்த வருடமே நாடாளுமன்றம் சட்டம் போட்டு அதைத் திரும்பக் கொண்டுவந்தது, அது வேறு கதை.

எனக்கு ரூஸ்வெல்ட் சொன்னதுதான் சரியாகப் படுகிறது. முருகன் படம் போட்ட காசை மதுக்கடையில் நீட்டுவதை யோசித்துப் பாருங்கள். பத்து ரூபாய் காசு செல்லாது என்று புரளி கிளம்பி, ரிசர்வ் வங்கி செல்லும் என்று சொன்ன பிறகும் இங்கே பெட்டிக்கடைகளில் வாங்க மறுத்தார்களே? அதில் சாமி இருந்திருந்தால் "இந்தச் சாமி செல்லாது, வேற குடுங்க" என்றிருப்பார்கள்.

சாமி போட்ட காசு நம் ஊருக்குப் புதிதும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் இதே மதராசில் அடித்த வராகனில் பெருமாள் இருந்தார். ஸ்ரீதேவி, பூதேவியோடு மூன்று சாமி வராகனும் உண்டு. கோட்டைக்குள் தேவாலயம் கட்டிக் கும்பிட்டவனுக்குப் பெருமாள் மேல் என்ன பக்தி? பெருமாள் இருந்தால்தான் இங்குள்ள வியாபாரி கை நீட்டி வாங்குவான், அவ்வளவுதான். காசில் சாமியைப் போட்டவர்களின் பக்தியை நான் இந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

மச்சான் விடவில்லை. "சத்யமேவ ஜயதே உபநிடதத்துல வர்றதுதானே? அது மட்டும் காசுல இருக்கலாமா?" நல்ல கேள்விதான். முண்டக உபநிடத வரிதான். ஆனால் வாய்மை வெல்லும் என்று சொல்ல யாரும் எந்தச் சாமியையும் கும்பிட வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசு முத்திரையில் நாமும் அதைத் தமிழில் எழுதிக்கொண்டோம் என்றேன். அதே முத்திரையில் கோயில் கோபுரமும் நிற்கிறது. நல்லவேளை, அவருக்கு அது ஞாபகம் வரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வெளியிட்ட ஐந்து ரூபாய் காசு ஒன்று என்னிடமும் இருக்கிறது. அதன் மேலும், வைஷ்ணவி தேவி காசின் மேலும் தொடுத்த வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் தள்ளுபடி செய்தது. பெரிய கோயில் காசில் எனக்குச் சங்கடம் இல்லை, அது ராஜராஜன் கட்டிய கட்டடம். வைஷ்ணவி தேவி காசில் அம்மனே இருக்கிறாள், அங்கேதான் இடிக்கிறது. இந்தக் கோடு கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்று தெரியும். இருந்தாலும் அங்கேதான் போடுவேன்.

இத்தனைக்கும், காசு காலில் பட்டால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஆள்தான் நானும். சின்ன வயதில் பழகியது, போகவில்லை.

நேற்றிரவு மச்சானை மீனம்பாக்கத்தில் கொண்டுபோய் விட்டோம். கிளம்பும்முன் அம்மா, அவருடைய கிரீன் கார்டு சீக்கிரம் வர வேண்டும் என்று திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு, மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து பூஜை அலமாரியில் வைத்தார். மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார். சிங்கத் தலையும் ஒன்று என்ற எண்ணும் போட்ட சாதா ஒரு ரூபாய்தான் அது.