தம்பி ஆபீஸ் போடுறான்

அக்கா: டேய், வீட்டுலேருந்து வேலை பாக்க ஆபீஸ் ரெடின்னு கூப்ட்ட, இங்க கட்டிலும் கலர் லைட்டும்தான் இருக்கு?

தம்பி: அது மூடு லைட்டுக்கா. ப்ளூ போட்டா ஃபோகஸ், ரெட் போட்டா டெட்லைன்.

அக்கா: வேலை எந்த கலர்ல வரும்?

தம்பி: அத இன்னும் செட்டிங்ஸ்ல பாக்கல.

அக்கா: லேப்டாப் ஏன் உர்ருன்னு கத்துது?

தம்பி: மெத்தை மேல வச்சாலே அப்படித்தான், பழகிடுச்சு.

அக்கா: அடியில காத்து போற ஓட்டைய மெத்தை அடைச்சுக்குதுடா, சூடு வெளிய போகாம ஃபேன் கெடந்து சுத்துது பாவம், இந்த வீட்ல வேலை செய்யறது அது ஒண்ணுதான். எழுந்திரு, அந்த மேஜைய இழு. ஜன்னலுக்கு நேரா போடாத, பக்கவாட்டுல போடு.

தம்பி: முதுகுக்குப் பின்னாடி ஜன்னல் வர்ற மாதிரி போடவா?

அக்கா: வெளிச்சம் பின்னாடி இருந்தா கேமராவுல மூஞ்சி இருட்டாதான் தெரியும்.

தம்பி: ஆமாக்கா, அடையாளத்த மறைச்சு பேட்டி குடுக்கறவன் மாதிரி இருக்கன்னு மேனேஜரே சொன்னாரு. அது ஒரு வசதி, தூங்கினா தெரியாது.

அக்கா: பக்கவாட்டுல போடுன்னேன். நாற்காலிய குடு, நான் உட்காந்து அளவு பாக்கறேன்.

தம்பி: உட்காரப் போறது நான்ல?

அக்கா: அளவு பாக்கத் தெரிஞ்சவங்க உட்காரணும். பாதம் ரெண்டும் தரையில படணும், முழங்கை கிட்டத்தட்ட 90 டிகிரி, ஸ்க்ரீனோட மேல் விளிம்பு கண்ணு மட்டத்துக்கோ கொஞ்சம் கீழயோ இருக்கணும். ஆனா லேப்டாப்ல இதுதான் தொல்ல, கண்ணுக்கு ஒசத்தினா கை மேல போகுது, கைக்கு இறக்கினா கழுத்து தொங்குது, ஸ்க்ரீனும் கீபோர்டும் ஒட்டிப் பொறந்ததாச்சே. தனியா ஒரு கீபோர்டும் மவுஸும் எடுத்துட்டு வா, லேப்டாப்புக்கு அடியில வைக்க அந்த தடி புக்குங்களும் குடு.

தம்பி: அது என் என்ட்ரன்ஸ் எக்ஸாம் புக்கு!

அக்கா: அப்பவும் தொறக்கல, இப்பவும் தொறக்க வேணாம், அடுக்கினா போதும். இன்னொண்ணு வை... இன்னும் ஒண்ணு... ஆங். கைய நீட்டினா ஸ்க்ரீன தொடற தூரம். பிரமாதம்.

தம்பி: எல்லாம் சரிக்கா, மீட்டிங்ல நான் பேசினா பாதி வார்த்த காத்துல போயிடுதே, அதுக்குதான் புது ஹெட்போன் வாங்கினேன்.

அக்கா: ரவுட்டர் எங்க?

தம்பி: பீரோவுக்குப் பின்னாடி. பாக்க அசிங்கமா இருந்துச்சு.

அக்கா: இரும்பு பீரோவுக்குப் பின்னாடி மறைச்சா சிக்னல் எப்படிடா வரும்? வெளிய எடுத்து ஒசரத்துல வை. வைஃபைல 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமா இருக்கும், ஆனா சுவர தாண்டி வர சோம்பல்படும், 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் மெதுவு, ஆனா தூரமா வந்து சேரும். கேபிளே சொருகிட்டா இந்த வம்பே இல்ல.

தம்பி: கண்ணு எரியுதே, அதுக்கு?

அக்கா: ஸ்க்ரீன பாக்கறப்ப கண்ண சிமிட்டறது கொறஞ்சு போயிடும், அதான் காயுது. 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ, 20 அடி தள்ளி இருக்கறத 20 செகண்ட் பாரு.

தம்பி: நம்ம ரூமே பத்தடி. போன வாரம் ஜன்னல் வழியா பாத்தேன், எதிர்வீட்டு மாமா சட்டைய சரி பண்ணிக்கிட்டே "என்ன தம்பி வேணும்"னாரு.

அக்கா: வானத்த பாரு, அது கேக்காது. சரி, இப்ப உட்காரு.

தம்பி: அக்கா... முட்டி நெஞ்சுகிட்ட வருது. ஸ்க்ரீன குனிஞ்சுதான் பாக்க வேண்டியிருக்கு.

அக்கா: அப்படியா? எனக்கு கச்சிதமா இருக்கே.

தம்பி: உனக்கு இருந்து என்ன பிரயோஜனம்?

அக்கா: திங்கக்கெழமையிலேருந்து எங்க ஆபீஸ்லயும் வீட்டுலயே வேலை பாக்க சொல்லிட்டாங்கடா. எழுந்திரு. போறப்ப அந்த புக்க மட்டும் எடுத்துடாத.