நான்கு மணி நேர வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தால்

விமானப் பராமரிப்பில் அரசுக் கண்காணிப்பு போதவில்லை என்று பேச்செடுத்தாலே, "வருஷத்துக்கு எத்தனை ஆடிட் நடக்கிறது தெரியுமா?" என்று கேட்பார்கள். நடக்கிறது, மறுக்கவில்லை. ஆடிட்டில் எதைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வழக்கு. பகலில் அலுவலக அறையில் உட்கார்ந்து, டாஸ்க் கார்டின் (செய்ய வேண்டிய வேலைகளைப் படிப்படியாக எழுதிய அட்டை) ஒவ்வொரு கட்டத்திலும் கையெழுத்தும் முத்திரையும் இருக்கிறதா என்று புரட்டுகிறார்கள். வேலை நடந்ததோ நள்ளிரவு ஷிஃப்டில், ஹேங்கரில், வாலின் உச்சியில் ஏணி மேல் நின்றுகொண்டு.

2000 ஜனவரி 31 அன்று கலிஃபோர்னியா கரைக்கு அப்பால் கடலில் விழுந்தது அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261. எம்டி-83 ரகம். இருந்த 88 பேரும் இறந்தார்கள். அந்த ரகத்தில் வாலின் கிடைமட்ட இறக்கையைச் சாய்த்து நிமிர்த்துவது ஒரு நீளமான எஃகுத் திருகு. அது சுழன்று ஏறி இறங்கும் நட்டு அலுமினிய வெண்கலம். எஃகை விட மென்மையான உலோகம், ஆகவே தேய்வது நட்டின் மரைதான் (உள்பக்கத்தில் சுருளாக ஓடும் வரி). தேய்மானத்தைக் கட்டுக்குள் வைப்பது கிரீஸ் ஒன்றுதான்.

கிரீஸ் போடுவது சின்ன வேலை போலத் தெரியும். நட்டில் கிரீஸ் ஏற்றுவதற்கென்று இருக்கும் நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து, நட்டின் மேல்விளிம்பில் புதுக் கிரீஸ் பிதுங்கி வரும் வரை அடிக்க வேண்டும். பிறகு திருகின் முழு நீளத்துக்கும் பிரஷால் மெல்லிசாகப் பூச வேண்டும். அதன் பிறகு இறக்கையை முழு வீச்சுக்கும் சில முறை ஓட்டி, கிரீஸை மரைக்குள் இறக்க வேண்டும். கையை நுழைப்பதே சிரமமான இடம். சரியாகச் செய்ய நான்கு மணி நேரம் ஆகும் என்பது தயாரிப்பாளர் தரப்பு மதிப்பீடு. கடைசியாக அதைச் செய்த மெக்கானிக், சுமார் ஒரு மணி நேரம் ஆனது என்றார். விசாரணையில் பார்த்தபோது, நட்டுக்குள் கிரீஸ் போகும் வழி காய்ந்த பழைய பசையால் அடைபட்டிருந்தது. திருகில் நட்டு ஓடும் பகுதியில் பயன்படும் நிலையில் கிரீஸே இல்லை. மரையின் கனத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் தேய்ந்த பிறகுதான் மீதி பிய்ந்துகொண்டு வந்தது.

ஆனால் கார்டில் கையெழுத்து இருந்தது.

அந்த மெக்கானிக்கை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது. கிரீஸ் போடும் இடைவெளி 1988-இல் 1,000 பறப்பு மணி. 1991-இல் 1,200 ஆனது, 1994-இல் 1,600, 1996-இல் எட்டு மாதத்துக்கு ஒரு முறை, அதாவது சுமார் 2,550 மணி. மரைத் தேய்மானத்தை அளக்கும் சோதனைக்குத் தயாரிப்பாளர் சொன்னது 30 மாதம் அல்லது 7,200 மணி, எது முந்துகிறதோ அது. நிறுவனம் மாதக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டது. அந்த 30 மாதத்தில் விமானம் பறந்துவிடுவது சுமார் 9,550 மணி! அமெரிக்க விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்ஏஏ இதை ஏற்றுக்கொண்டது. கிரீஸ் குறைந்தால் தேய்மானம் கூடும், தேய்மானம் கூடினால் அடிக்கடி அளக்க வேண்டும். இங்கே இரண்டையும் ஒரே ஆண்டில் தள்ளிப்போட்டார்கள். இடைவெளியைக் கூட்டக் கேட்டு மனு வந்தால், "இதுவரை கழற்றி அளந்த நட்டுகளின் தேய்மானக் கணக்கைக் காட்டு" என்று கேட்காத அதிகாரி அங்கே எதற்கு? விபத்துக்குப் பிறகு வந்த உத்தரவு அதே இடைவெளிகளை 650 மணி, 2,000 மணி என்று இறக்கியது.

1997-இல் அதே விமானத்தில் அந்தச் சோதனையைச் செய்தபோது நட்டின் ஆட்டம், அதாவது திருகுக்கும் நட்டுக்கும் இடையிலான தளர்வு, 0.040 அங்குலம். அதுதான் அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு. நட்டை மாற்ற வேண்டும் என்று முதல் ஷிஃப்ட் எழுதியது. அடுத்த ஷிஃப்ட் மறுபடி அளந்தது, 0.033 வந்தது, விமானத்தை அனுப்பிவிட்டார்கள். உலோகம் தேயும், திரும்ப வளராது. இரண்டாவது அளவு குறைவாக வந்தால் சந்தேகப்பட வேண்டியது அளந்த விதத்தையும் கருவியையும். இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு அளவுகளும், எந்தக் கருவி என்பதும், அதன் அளவுத்திருத்தத் தேதியும் பதிவாகி, மூன்றாவதாக வெளியாள் ஒருவர் அளக்கும் வரை விமானம் நகரக் கூடாது என்பதை விதியாகவே எழுதலாம்.

இன்னொரு ஓட்டை, இரட்டைச் சோதனை: ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் சரிபார்ப்பது. 2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட்டில் ஏர் மிட்வெஸ்ட் 5481 விழுந்து 21 பேர் இறந்தார்கள். எடைக் கணக்குப் பிழையும் சேர்ந்துகொண்டது என்றாலும், எலிவேட்டர் (விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) கேபிளைச் சரிசெய்தபோது டர்ன்பக்கிளை (கேபிளின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) தவறாக அமைத்ததுதான் வேர். செய்த மெக்கானிக்குக் கற்றுக்கொடுத்தவரும், சரி என்று சான்று தந்த இன்ஸ்பெக்டரும் ஒரே ஆள். கையேட்டின் சில படிகளைத் தாண்ட ஒப்புக்கொண்ட கண்களே பிழையைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

1990 ஜூனில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390-இல் விமானியறைக் கண்ணாடி பறந்து, கேப்டன் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டார் (உயிர் பிழைத்தார்). மாட்டிய 90 போல்டில் 84, விட்டத்தில் 0.026 அங்குலம் சிறியவை. பழைய போல்டோடு கண்ணால் ஒப்பிட்டு எடுத்தவை. அந்த வேலைக்கு இரட்டைச் சோதனை கட்டாயமே இல்லை, காரணம் அது இரட்டைச் சோதனை தேவைப்படும் வேலைகளின் பட்டியலில் இல்லை! பட்டியல் போடுவது யார் பொறுப்பு?

ஆள் போதவில்லை என்பார்கள். உண்மைதான், அலாஸ்கா விஷயத்திலும் கண்காணிப்பு அலுவலகத்தில் ஆள் குறைவாகத்தான் இருந்தது. இருக்கிற ஆளை வைத்தே செய்யலாம். கோப்புப் புரட்டும் வருகைகளில் பாதியைக் குறைத்து, சொல்லாமல் கொள்ளாமல் இரவு ஷிஃப்டுக்குப் போங்கள். ஒரு வேலையை முதல் பேனல் கழற்றுவதிலிருந்து கடைசி பேனல் மூடுவது வரை கூடவே நின்று பாருங்கள். எடுத்த நேரத்தைத் தயாரிப்பாளர் சொன்ன நேரத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்டோரில் எடுத்த போல்டின் பார்ட் நம்பரைக் கேட்லாக்கோடு வைத்துப் பாருங்கள். உடனே சரிசெய்யாமல், விமானம் பறக்கலாம் என்று தள்ளிவைத்த பழுதுகளையும் அப்படியே பாருங்கள். அப்படிப்பட்ட பழுதுகளைப் பிரிவு பிரித்து, பி பிரிவுக்கு 3 நாள், சி பிரிவுக்கு 10 நாள் கெடு. பத்தாம் நாள் 'சரிசெய்யப்பட்டது' என்று மூடி, மறுநாள் அதே பழுது புது எண்ணில் திறக்கப்பட்டிருந்தால், அன்றைக்கு எந்தப் பாகம் மாற்றப்பட்டது, கழற்றிய பாகம் எங்கே என்று கேளுங்கள்.