டொபித் தாள் கடல்

போன மாதம் ஒரு இரவு, பிரெஞ்சு இயக்குநர் மிஷேல் கோந்த்ரி இயக்கிய ‘ஸ்டார் கிட்டார்’ பாடல் வீடியோவைத் திரும்பவும் பார்த்துவிட்டுப் படுத்தேன். அடுத்த நாள் காலை வழக்கம்போல கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் ஏறி, கடல் பக்கக் கதவோரம் நின்றேன். பம்பலப்பிட்டி தாண்டும்போதுதான் கவனித்தேன். ஒரு கம்பம். ஒரு தாழம் பற்றை. மறுபடி கம்பம். ஒரு தகரக் குடில். கருங்கல் குவியல். மறுபடி கம்பம். எல்லாம் தண்டவாளச் சத்தத்துக்குத் தாளம் பிடித்துக்கொண்டு வந்தன. பதினொரு வருடமாக இதே பாதையில் வேலைக்குப் போய் வருகிறேன். அந்தக் கரை அன்றைக்குத்தான் என் காதில் கேட்டது.

என் கண்ணையும் காதையும் இப்படி மாற்றிவிட்ட ஒரு மனிதரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘ஸ்டார் கிட்டார்’ 2002இல் கெமிக்கல் பிரதர்ஸ் இசைக்குழுவுக்காகச் செய்தது. நாலு நிமிடம், ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓடும் காட்சி மட்டும்தான். கதை இல்லை, பாடுபவர் முகம் இல்லை. கொஞ்ச நேரம் போன பிறகு பிடிபடும், ஒவ்வொரு அடிக்கும் ஒரு கட்டிடமோ கம்பமோ பாலமோ வந்து விழுகிறது. பிரான்சின் தெற்கே நீம், வலான்ஸ் என்ற இரண்டு நகரங்களுக்கு இடையில் ஓடும் ரயிலில் இருந்து, ஒரே பாதையை வெவ்வேறு நேர வெளிச்சத்தில் பத்துத் தடவை படம்பிடித்து, அதைக் கணினியில் ஒட்டுத் தெரியாமல் தைத்திருக்கிறார்கள். ஆனால் கணினிக்குப் போக முதல் கோந்த்ரி அந்தப் பாட்டைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து பார்த்தார். தோடம்பழம், முள்ளுக்கரண்டி, புத்தகம், கிளாஸ், சப்பாத்து எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி, எந்த ஒலி வரும்போது எந்தப் பொருள் வரவேண்டும் என்று ஒத்திகை பார்த்தார். வீட்டில் கைக்கு எட்டிய சாமான்கள்! எனக்கு வீடியோவைவிட அந்தத் தோடம்பழ வரிசையில்தான் அதிகம் பிரியம்.

அவர் முதலில் ட்ரம்ஸ் வாசித்தவர் என்பது தெரிந்தால் இது ஆச்சரியமாக இருக்காது. 1997இல் டாஃப்ட் பங்க் குழுவுக்காகச் செய்த ‘அரவுண்ட் த வேர்ல்ட்’ வீடியோவிலும் இதே காரியம்தான். எலும்புக்கூடு வேடம் போட்டவர்கள் கிட்டார் ஒலிக்கு ஆடுவார்கள், மம்மிகள் ட்ரம் மெஷினுக்கு. ஒரு வாத்தியத்தின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு பாட்டு முழுவதையும் கேட்கலாம்.

அவருடைய குடும்பத்தில் இன்னொரு கதை இருக்கிறது, அது நேராக எங்கள் வீட்டுக்குள் வருகிறது. அவருடைய தாத்தா கொன்ஸ்தான் மார்த்தன் 1947இல் கிளேவியோலின் என்ற மின்வாத்தியத்தைக் கண்டுபிடித்தவர். 1954இல் வந்த ‘நாகின்’ என்ற ஹிந்திப் படத்தில் பாம்பாட்டியின் மகுடி ஒலி வருமே, அதை கல்யாண்ஜி வாசித்தது அந்தக் கிளேவியோலினில்தான். ஹிந்திப் பாட்டுக்காக இந்தியாவே இலங்கை வானொலியைத் திருப்பிக்கொண்டிருந்த காலம் அது. என் அம்மம்மா கொட்டாஞ்சேனையில் அந்த மகுடியைக் கேட்டு வளர்ந்தவர். கடைசி வரைக்கும் சமையலறையில் அதை முணுமுணுப்பார். எங்கோ பிரான்சில் ஒருவர் செய்த பெட்டி, பம்பாயில் ஒருவர் விரல், கொழும்பில் அம்மம்மாவின் வாய். இது எனக்குத் தெரியவந்தபோது சொல்ல அம்மம்மா இல்லை.

சரி, படங்களுக்கு வருகிறேன். 2006இல் வந்த ‘த சயன்ஸ் ஒஃப் ஸ்லீப்’ படத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதிலாகச் செலோபேன் தாள் சுருள் சுருளாகக் கொட்டும். மேகம் பஞ்சு. கார் காட்போட் மட்டை. படம் முடியும்போது கனவில் ஒரு படகு போகும், அந்தக் கடலும் செலோபேன்தான். முதல் தடவை பார்த்தபோது என் நாக்கில் டொபி இனித்தது, பொய் சொல்லவில்லை. இங்கே வளர்ந்த எல்லோரும் டொபித் தாளைக் கண்ணில் வைத்துப் பார்த்தவர்கள்தானே? காலி வீதி சிவப்பாக இருக்கும், தாளை மாற்றினால் பச்சை, ஓடுகிற பஸ்சும் பச்சை. தாள் என்று தெரியும். தெரிந்தும் உலகம் மாறிவிட்டதென்று நம்புவோம்.

வெசாக் காலத்தில், புத்தர் கதையைப் படமும் விளக்குமாகக் காட்டும் தோரணத்துக்கு முன்னால் நிற்கும் சனத்தின் முகத்தைப் பாருங்கள். பலகையில் வரைந்த படம், ஓடி ஓடி எரியும் பல்ப். எல்லாம் வெளியில் தெரிகிறது, ஆனாலும் வாய் திறந்தபடி நிற்கிறோம். ஒவ்வொரு வருடமும் எங்கள் ஒழுங்கையில் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து மூங்கில் சீவி வெசாக் கூடு, அதாவது காகித விளக்கு, கட்டுவார்கள். அதில் பசை வடிந்த இடம், கோணலாக வெட்டிய வால் எல்லாம் அப்படியே தெரியும். கோந்த்ரியின் படங்களிலும் பசை வடிந்த இடம் தெரிகிறது. அவர் அதை மறைப்பதில்லை. அவருடைய அழகின் ரகசியம் அதுதான் என்று நினைக்கிறேன். தையல் தெரியும்போது தைத்த கையும் தெரிகிறது. யாரோ ஒருவர் இரவிரவாக உட்கார்ந்து எனக்காக இதை வெட்டி ஒட்டியிருக்கிறார் என்ற உணர்வு வந்துவிடுகிறது. கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்யும் எத்தனையோ கிராஃபிக்ஸ் காட்சிகளில் எனக்கு அது கிடைப்பதில்லை.

‘எடேர்னல் சன்ஷைன் ஒஃப் த ஸ்பொட்லெஸ் மைன்ட்’ (2004) பலர் பார்த்திருப்பீர்கள். காதலியின் நினைவுகளைத் தலைக்குள் இருந்து அழிக்கச் சொல்கிற ஒருவன், அழித்துக்கொண்டிருக்கும்போதே வேண்டாம் என்று தவிக்கிறான். திரைக்கதைக்கு ஒஸ்கார் கிடைத்தது, அது நியாயம். ஆனால் என்னை அழவைத்தது சமையலறைக் காட்சி. அவனாக நடிக்கும் ஜிம் கேரி சின்னப்பிள்ளையாகி மேசைக்குக் கீழே இருப்பார். தூரத்தில் இருக்கும் பாதியைப் பெரிதாகக் கட்டி அவரை அங்கே இருத்தி, காதலியாக நடிக்கும் கேட் வின்ஸ்லெட்டைக் கமராவுக்குக் கிட்ட நிறுத்தியிருக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தை. இன்னொரு இடத்தில் ஜிம் கேரி டொக்டரின் அறையில் தன்னையே பார்க்கிறார். கமரா திரும்புகிற இடைவெளியில் அவர் அதன் பின்னால் ஓடி, உடுப்பு மாற்றி, மற்றப் பக்கம் வந்து உட்கார்ந்தார். நினைவு அழிவதைக் காட்டும் புத்தகக்கடைக் காட்சியில் புத்தக அட்டைகள் வெளுத்துப்போகும், விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். மறதியைக் காட்ட எனக்குத் தெரிந்து இதைவிடச் சரியான வழி இல்லை. மறதி அப்படித்தான் வரும். ஒரு வீட்டில் யாரோ ஒவ்வொரு அறையாக லைட்டை நிறுத்திக்கொண்டு வருவதுபோல.

இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் ‘மூட் இன்டிகோ’ (2013) பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தின் முதல் பாதி எனக்கும் மூச்சு முட்டியது. ஒரு கண்டுபிடிப்பைப் பார்த்து முடிக்க முதல் அடுத்தது வந்துவிடுகிறது. ஆனால் பிறகு கதாநாயகியின் நுரையீரலில் ஒரு அல்லி முளைக்கிறது. அவள் நோயில் விழ விழ அவர்களுடைய வீடு சுருங்குகிறது, ஜன்னலால் வெளிச்சம் வர மறுக்கிறது, நிறங்கள் மெல்ல மெல்ல வடிந்து கடைசியில் படமே கறுப்பு வெள்ளையாகிவிடுகிறது.

அம்மம்மா கடைசி வருடம் படுக்கையில்தான் இருந்தார். அவர் அறை ஜன்னலில் ஒரு கீற்றுக் கடல் தெரியும். அந்த வருடம்தான் பக்கத்துக் காணியில் மாடிக் கட்டிடம் எழும்பியது. ஒவ்வொரு தட்டுக்கும் ஜன்னலில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் குறைந்தது. முதலில் கடல் போனது, பிறகு வானம். ஒரு நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அம்மம்மா என்னிடம், “பொழுது பட்டிட்டுதோ பிள்ளை?” என்று கேட்டார். நான் லைட்டைப் போட்டேன். அவர் போன பிறகுதான் ‘மூட் இன்டிகோ’ பார்த்தேன். வீடு சுருங்குவதை விசித்திரக் கற்பனை என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடியாது. அந்த அறையில் நான் இருந்திருக்கிறேன்.

கோந்த்ரியை இதுவரை பார்க்காதவர்கள் ‘ஸ்டார் கிட்டார்’ இல் தொடங்குங்கள். நாலு நிமிடம்தான், ஹெட்போன் போட்டுக்கொண்டு பாருங்கள். அடுத்த நாள் வெள்ளவத்தையிலிருந்து கோட்டை ஸ்டேஷனுக்கு ரயிலில் போவதென்றால், கடல் தெரியும் இடது பக்கக் கதவோரம் ஒரு இடம் பிடித்து நில்லுங்கள்.