மலைக் குளிர் மேலும் அந்தத் தாய் மேலும் பழி போட்டது போதும்

எந்தப் பின்னூட்டங்களைச் சொல்கிறேன் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நிமோனியா வந்த தன் குழந்தைக்காகக் கோவையில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்த்து, "கோத்தகிரிக் குளிரில் தொப்பிகூடப் போடாமல் தூக்கிக்கொண்டு அலைந்தால் நிமோனியா வராதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். அந்தக் குழந்தையை மலையிலிருந்து இறக்கியது நிற்காத வலிப்புக்காக. குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்த அன்று எடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாக இருந்தது. காய்ச்சலும் கெட்டிச் சளியும் நான்காம் நாள்தான் வந்தன. வென்டிலேட்டரில் வைத்து 48 மணி நேரம் கடந்தபின் வரும் நிமோனியாவை மருத்துவத்தில் தனி வகையாகவே வைத்திருக்கிறார்கள். அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்த நோய். தொப்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நான் அப்படிப்பட்ட பிரிவில் செவிலியராக வேலை பார்த்தவள். தொண்டைக்குள் குழாய் இறங்கிவிட்டால் குழந்தையால் இருமித் துப்ப முடியாது. வாயில் ஊறும் எச்சில் குழாயின் ஓரமாகக் கசிந்து நுரையீரலுக்குள் இறங்கும். குழாயின் உட்புறத்தில் கிருமிகள் பாசி போலப் படியும். சூடோமோனாஸ், அசினிடோபாக்டர், கிளெப்சியெல்லா என்ற இந்தக் கிருமிகள் எல்லாம் கைகழுவும் தொட்டியிலும் கட்டில் கம்பியிலும் எங்கள் கைகளிலும் தங்குபவை. பல மருந்துகளுக்கு அடங்காதவை. குளிர் எங்கே வந்தது? வென்டிலேட்டர் காற்றை ஏறக்குறைய உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஈரப்படுத்தித்தான் உள்ளே அனுப்புகிறார்கள். குழாய் போட்டதிலிருந்து அந்தக் குழந்தை குளிர்ந்த காற்றைச் சுவாசிக்கவே இல்லை. சென்னையிலும் மதுரையிலும் சித்திரை வெயிலிலும் இந்த நோய் வருகிறது. அங்கே எந்தப் பனி பெய்தது?

என் தங்கை மகனுக்கும் கைக்குழந்தையில் இதுவே நடந்தது. பிழைத்துவிட்டான், இப்போது பிளஸ் டூ படிக்கிறான். ஆனால் அன்று அவள் மாமியார், "ஸ்வெட்டர் போட்டாயா?" என்று கேட்டது இன்னும் அவளை விடவில்லை. போன வைகாசியில் குன்னூரில் ஒரு கல்யாணத்தில், எல்லோரும் வியர்த்துக்கொண்டிருக்கும்போது, வளர்ந்த பையனின் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் கூச்சத்தில் நெளிந்தான். அந்த ஒரு கேள்வியால் என் தங்கை இத்தனை வருடமாகத் தூக்கம் கெட்டுக் கிடக்கிறாள். அதே கேள்வியை இன்னொருத்தியிடம் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள்.

"குளிர்காலத்தில் குழந்தைகளுக்கு நிமோனியா அதிகம்தானே?" என்பீர்கள். ஆமாம். அடைத்த அறை, விறகுப் புகை, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் வைரஸ் எல்லாம் அதற்குக் காரணம். அது வேறு நோய்.

"அப்படியென்றால் வென்டிலேட்டரே வேண்டாமா?" அது இல்லையென்றால் அந்தக் குழந்தை முதல் இரவையே தாண்டியிருக்காது. இதற்கு மேல் இதற்குப் பதில் சொல்ல மாட்டேன்.

"அப்போது ஆஸ்பத்திரியைக் குற்றம் சொல்கிறாயா?" என்றுதான் என்னோடு வேலை பார்த்த பழைய தோழிகளே கேட்கிறார்கள். வலிக்கிறது. எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் சில குழந்தைகளுக்கு இது வந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் செய்ய வேண்டியவை என்னவென்று நம் எல்லோருக்கும் தெரியும். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்த வேண்டும். வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை தொடும் முன்பும் பின்பும் கை கழுவ வேண்டும். வென்டிலேட்டரிலிருந்து வரும் குழாயில் தேங்கும் தண்ணீரைக் குழந்தையைத் திருப்புவதற்கு முன்பே வடித்துவிட வேண்டும். இல்லையென்றால் அது நேரே நுரையீரலுக்குப் போகும். மயக்க மருந்தைக் குறைத்து, இன்று குழாயை எடுக்க முடியுமா என்று தினமும் பார்க்க வேண்டும். குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஆபத்து கூடுகிறது.

இதையெல்லாம் செய்ய ஆள் வேண்டாமா? வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு குழந்தைக்கு ஒரு செவிலியர் இருக்க வேண்டும். இரவில் ஒருத்தியே மூன்று கட்டில்களுக்கு ஓடினால், அலாரம் அடிக்கும் கட்டிலுக்குப் போவாளா, கை கழுவ நிற்பாளா? நான் ஓடியிருக்கிறேன். அந்த ஓட்டத்தைப் பற்றி ஒருவரும் பின்னூட்டம் போட்டதில்லை. குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறில் மண் சரிந்து பாதை அடைபட்டால் ஆம்புலன்ஸ் குழந்தையோடு நிற்கிறதே, அதற்கும் இல்லை. தாயின் தொப்பிக்கு மட்டும் உங்களுக்கு நேரம் கிடைத்தது.

அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம், குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியில் எத்தனை செவிலியர்கள் என்று கேட்கப் போகிறேன். உங்களில் யார் என்னோடு வருகிறீர்கள்?