ரெண்டு தண்ணீரையும் ஒரே சம்பில் விடாதீர்கள்

தருமபுரியில் வீடு கட்டுகிறவர்கள், கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாரிடமும் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குழாயில் வருகிற ஒகேனக்கல் காவிரித் தண்ணீருக்கு ஒரு தொட்டி, போர் தண்ணீருக்கு ஒரு தொட்டி என்று தனித்தனியாக வையுங்கள். ரெண்டையும் ஒரே சம்பில் விட்டு, மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றி, "தண்ணிப் பிரச்சினையே இல்ல, எந்நேரமும் வரும்" என்று சொல்லித்தான் இங்கே அட்வான்ஸ் வாங்குகிறார்கள். எந்தத் தண்ணீர் வரும் என்று வீட்டுக்காரர் சொல்வதில்லை, குடிவருகிறவர்களும் கேட்பதில்லை.

பென்னாகரம் ரோட்டுப் பக்கம் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் இதே கதைதான். குழாய்த் தண்ணீர் முறை வைத்து வருகிறது, வராத நாளுக்கு போர். நம்முடையது பாறை பூமி. பாறை இடுக்குகளில் வருஷக்கணக்கில் தங்கிக் கிடக்கிற தண்ணீர் என்பதால் கால்சியமும் மெக்னீசியமும் அதில் நிறையவே கரைந்திருக்கும். இதைத்தான் தண்ணீரின் கடினத்தன்மை என்கிறார்கள். இந்தியத் தர நிறுவனத்தின் குடிநீர்த் தரப்படி (ஐ.எஸ். 10500) கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

போன மாதம் பக்கத்து வீட்டில் கெய்சரைக் கழற்றியபோது கூட நின்று பார்த்தேன். உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், கண்ணுக்கே தெரியவில்லை, அதைச் சுற்றி விரல் தடிமனுக்கு வெள்ளையாக இறுகிப்போய்க் கிடந்தது. பிளம்பர் ஸ்பேனரால் தட்டத் தட்டச் சில்லு சில்லாகப் பெயர்ந்து கீழே வைத்த பேசினில் விழுந்தது. அது அசல் சுண்ணாம்புக்கல்தான். தண்ணீர் சூடாகும்போது அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உடைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது, படிந்த பிறகு சூடு தண்ணீருக்குப் போகாமல் தடுக்கிறது, காயில் தன் சூட்டிலேயே கருகிப் போகிறது, அதுவரைக்கும் கரன்ட் பில்லும் ஏறிக்கொண்டே இருக்கிறது. வாடகை வீட்டில் இந்தச் செலவு யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுப்படிக்கு வந்தால் துவரம்பருப்பு. எத்தனை விசில் விட்டாலும் குழையாமல் முழுசு முழுசாக நிற்கும். பருப்பில் இருக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளைக் கால்சியம் பிடித்து இறுக்கிவிடுவதால் வருகிற வினை இது. சிலர் ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுகிறார்கள். வெந்துவிடும், ஆனால் பருப்பில் இருக்கிற தயமின் சத்து அதில் அழிந்து போகும், ருசியும் மாறிவிடும். சோப்பு நுரைக்காது, நுரைக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தேய்த்தால் பிசுக்குத்தான் மிச்சம். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை ஒரு வருஷத்துக்குள் பழுப்படித்துவிடும். ஷவரில் அடைப்பு வந்தால் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) சுடுதண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி ஊறவைத்தால் போதும். பாத்ரூம் ஆசிட் ஊற்றாதீர்கள், குழாயின் பளபளப்பே போய்விடும், தப்பித்தவறி பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

இப்படிக் கடினமான உப்புத் தண்ணீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலத்தை வைத்து எந்த வரம்பும் விதிக்கவில்லை. நம் மாவட்டத்தில் பயப்பட வேண்டியது வேறொன்று, புளோரைடு. நிறமில்லை, ருசியில்லை, பாத்திரத்தில் படியாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், போனால் போகிறது என்றால் 1.5. அதற்கு மேல் போன தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் பல்லில் காவி ஏறும், அளவு கூடக்கூட எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். கால்சியம் அதிகமுள்ள தண்ணீரில் புளோரைடு ஓரளவுக்கு மேல் கரைந்து நிற்காது என்பதால், சோப்பு நன்றாக நுரைக்கிற "நல்ல போர்" தண்ணீரில்தான் அது அதிகமாக இருக்கவும் வாய்ப்புண்டு. ஆக, நாக்கையும் நுரையையும் நம்பி ஒரு போர் தண்ணீரை நல்லது என்று முடிவு கட்ட முடியாது.

இதற்காகத்தானே ஜப்பான் கடனுதவியோடு ஏறத்தாழ 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது? புளோரோசிஸை, அதாவது புளோரைடால் பல்லும் எலும்பும் கெடுகிற நோயை, தணிப்பது அந்தத் திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. 2013-ல் தொடங்கி வைத்தார்கள். காவிரியில் எடுத்துச் சுத்திகரித்து, மலை தாண்டி, தருமபுரி, கிருஷ்ணகிரி என்று ரெண்டு மாவட்டத்துக்கும் கொண்டு வருகிற தண்ணீர் அது. அதை வாசல் வரை வாங்கி, எந்த தண்ணீர் சேரக் கூடாது என்று அத்தனை பாடுபட்டார்களோ அதே போர் தண்ணீரோடு நாமே சம்பில் கலக்கிறோம். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

கலந்த பிறகு ஆர்.ஓ. மெஷின்காரர் வருவார். தண்ணீரில் ரெண்டு கம்பியை விட்டுக் கரன்ட் கொடுத்து, பழுப்பாகிறது பாருங்கள் என்று காட்டுவார். அந்தப் பழுப்பு பெரும்பாலும் கம்பியில் இருந்து கரைகிற இரும்பு. கையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் கால்சியம் எவ்வளவு, புளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. ஆர்.ஓ. புளோரைடைக் குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு அதைவிட அதிகமான தண்ணீரைச் சாக்கடையில் விடுகிற மெஷின் அது, மழை பொய்த்தால் லாரிக்குக் காத்திருக்கிற ஊரில்.

போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள், கடினத்தன்மை, புளோரைடு ரெண்டையும் கேட்டு வாங்குங்கள், வாடகைக்கு விடுகிறவர்கள் அந்தத் தாளைக் குடிவருகிறவர்களிடம் காட்டுங்கள். புது வீட்டுக்கு பிளான் அப்ரூவல் கொடுக்கும்போது மழைநீர்த் தொட்டியைக் கேட்கிற மாதிரி ரெண்டு தொட்டியையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து, வார்டு கவுன்சிலர்கள் இதைக் கூட்டத்தில் எழுப்பலாம். ஏற்கெனவே கட்டிய வீடா, பரவாயில்லை. மெயின் பைப் சம்புக்குள் இறங்கும் முன்னாலேயே பைப்பை ரெண்டாகப் பிரிக்கும் டீ இணைப்பு ஒன்று போட்டு, வாசலிலோ அடுப்படிப் பக்கமோ தனியாக ஒரு குழாய் வையுங்கள், தண்ணீர் வருகிற நாளில் குடிக்கவும் சமைக்கவும் அதில் பிடித்து வைத்துக்கொள்ளலாம். பிளம்பருக்கு அரை நாள் வேலை.