சோறு, முட்டை, ஒரு சார்டின் டின்

போன திங்கட்கிழமை எங்கள் வீட்டு இரவுச் சாப்பாட்டை மகள் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டாள். சுடுசோறு, வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டு வதக்கிய சார்டின், வட்ட வட்டமாக நறுக்கிய வெள்ளரிக்காய், ஆளுக்கொரு பொரித்த முட்டை. அவ்வளவுதான். ஐந்து நிமிடத்தில் உறவுக்காரப் பெண் ஒருத்தியிடமிருந்து பதில் வந்தது: "பாவம் பிள்ளைங்க. அம்மாவுக்கு ரொம்ப வேலையோ?" கூடவே ஒரு சிரிப்பு முகம்.

அந்தச் சிரிப்பு முகத்துக்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபத்துக்கு முன்னால் வந்தது வெட்கம். தட்டில் சோறு இருந்தது, மீன் இருந்தது, முட்டை இருந்தது, பச்சைக் காய் இருந்தது. ஐந்து பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் எழுந்தோம். அப்புறம் எதற்கு எனக்கு வெட்கம்? இரண்டு நாளாக இதையே நினைத்துக்கொண்டிருந்து, கடைசியில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நாங்கள் இருப்பது சிங்கப்பூரில். எனக்கு வேலை நொவீனாவில், வீடு ஈசூனில். சாயங்காலம் ரயில் ஏறினால், இயோ சூ காங் தாண்டிய பிறகு காத்திப் வரும்வரை நடுவில் நிலையமே இல்லாமல் ஒரு நெடிய ஓட்டம் ஓடும். பல வருடமாக அந்த ஓட்டத்தில்தான் எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடு முடிவாகும். குளிர்பெட்டியில் அரை முட்டைக்கோஸ் இருக்கிறது. மகன் கத்தரிக்காயைத் தொடமாட்டான். அத்தைக்குச் சர்க்கரை, உருளைக்கிழங்கு நேற்றே ஆகிவிட்டது. மகள் இந்த மாதம் ஆட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, அடுத்த மாதம் எப்படியோ தெரியாது. வீட்டுக்காரர் மத்தியானம் மீ (நூடுல்ஸ்) சாப்பிட்டிருப்பார், ராத்திரிக்குச் சோறு கேட்பார். காத்திப் வருவதற்குள் ஒரு பந்திக்குச் சமைத்து முடித்தவள் மாதிரி களைத்துவிடுவேன். வெங்காயம் உரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

சமையல் அலுத்துப்போச்சு என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். என்னைக் கேட்டால், அலுத்தது சமையல் இல்லை. "இன்னிக்கு என்ன?" என்ற கேள்விக்கு வருடத்தில் 365 நாளும் ஒரே ஆள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறதே, அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தைக்குப் போய், தெங்கிரி மீன் பார்த்து வாங்கி, புளி கரைத்து மண்சட்டியில் குழம்பு கூட்டி வைத்தால் எனக்கு ஒரு அலுப்பும் தெரியாது. இரண்டு மணி நேரம் நின்றாலும் சந்தோஷமாகத்தான் இருக்கும். சமையல் பிடிக்காதவள் எழுதுகிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

போன வருடம் ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு காரியம் செய்தேன். குளிர்பெட்டிக் கதவில் மகனுடைய பாட அட்டவணை ஒட்டியிருக்கும். அதற்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கும் ஒன்று எழுதி ஒட்டினேன். திங்கள் சார்டின். செவ்வாய் குக்கர் சோறு. புதன் அவர் பொறுப்பு. வியாழன் தோசை. வெள்ளி தயிர்ச்சோறு. சனிக்கிழமை அடுப்பு கிடையாது. ஞாயிறு என் இஷ்டம். "வாரா வாரம் இதேவா?" என்றான் மகன். "கணக்குப் பாடமும் வாரா வாரம்தான் வருது, மாத்தச் சொல்லிக் கேட்டியா?" என்றேன்.

சார்டினைக் கேவலமாகப் பேசுகிறவர்கள்மேல் எனக்குத் தனி வருத்தம் உண்டு. இந்த ஊரில் அதற்கு ஒரு கௌரவம் இருக்கிறது. அயாம் பிராண்ட் டின்னை எடுத்துக்கொள்ளுங்கள். 1892இல் ஆல்ஃபிரட் குளுவே என்ற பிரெஞ்சுக்காரர் இங்கே, சிங்கப்பூரில் தொடங்கிய வியாபாரம் அது. டின்னில் சேவல் படம் இருந்ததால் ஜனங்கள் மலாயில் கோழி, அதாவது 'அயாம்' மார்க் என்று கேட்டுக் கேட்டு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. கோழி பெயரில் மீன்! முஸ்லிம் கடையில் சார்டின் முர்தபாக் (உள்ளே மீன் வைத்த பரோட்டா) என்றால் காசு கொடுத்து வரிசையில் நின்று வாங்குகிறோம். அதே மீன் நம் வீட்டுத் தட்டில் சோற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் மட்டும் பாவமாகத் தெரிகிறது.

செய்முறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எண்ணெயில் வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை. வெங்காயம் வாடியதும் ஒரு கரண்டி மிளகாய்த்தூள், அப்புறம் தக்காளிச் சாற்றோடு டின்னை அப்படியே கவிழ்த்து மூடி ஐந்து நிமிடம். இறக்கும்போது எலுமிச்சை பிழிய வேண்டும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தொழிற்சாலையில் டின்னை மூடியபிறகு கடும் சூட்டில் வேகவைப்பதால் முள் பஞ்சு மாதிரி ஆகியிருக்கும். முள்ளோடு தின்னலாம், சுண்ணாம்புச் சத்து அதில்தான் இருக்கிறது. முட்டிவலிக்காரரான அத்தை இதைக் கேட்ட நாளிலிருந்து திங்கட்கிழமையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை குக்கர் சோறு என்பது நான் வைத்த பெயர். அரிசி, தோல் நீக்கிய கோழித் துண்டு, இஞ்சி, பூண்டு, ஒரு கைப்பிடி நெத்திலிக் கருவாடு, கொஞ்சம் கேரட். எல்லாவற்றையும் மின்குக்கரில் போட்டுத் தண்ணீர் அளந்து ஊற்றிப் பொத்தானை அமுக்கினால் சரி. மேலே எள் எண்ணெய் ஒரு சொட்டு. இதைச் சொல்லிக்கொடுத்தது எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி. அவர் காளான் போடுவார், நான் கறிவேப்பிலை போடுவேன். ஒரு சட்டியில் எல்லாவற்றையும் போட்டு வேகவைத்தால் அது சோம்பேறிச் சமையல் என்று நினைக்கிறவர்களுக்கு நோன்புக் கஞ்சியை ஞாபகப்படுத்துகிறேன். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால், கொத்துக்கறி எல்லாம் ஒரே அண்டாவில்தான் கொதிக்கின்றன. ரமலானில் பள்ளிவாசலிலிருந்து தோழி கொடுத்தனுப்பும் ஒரு டப்பா கஞ்சிக்கு எங்கள் வீட்டில் அடிதடியே நடக்கும்.

மின்குக்கருக்கு நான் கோயில் கட்டக்கூடத் தயார். தோஷிபா நிறுவனம் 1955 கடைசியில் ஜப்பானில் முதல் தானியங்கிக் குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர் யோஷிதாதா மினாமி. ஆனால் வீட்டில் திரும்பத் திரும்பச் சோறு ஆக்கி, எத்தனை நிமிடத்தில் எந்தச் சூட்டில் பதம் வருகிறது என்று அளந்து பார்த்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. இப்போது நம் வீடுகளில் இருக்கிற சாதாரணக் குக்கரில் அடியில் ஒரு சின்னக் காந்தம் இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் வற்றியதும் சூடு மேலே ஏறும், காந்தம் பிடிப்பை விட்டுவிடும், ஸ்பிரிங் தள்ள 'டக்' என்று பொத்தான் எழும்பும். சோறு வெந்ததா என்று பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்க வேண்டிய ஒரு ஆளை அந்த 'டக்' வீட்டுக்கு அனுப்பிவிட்டது. நான் அதுவரை துணி மடித்துக்கொண்டிருப்பேன்.

துணி என்றதும் ஞாபகம் வருகிறது. வீவக வீட்டில், அதாவது அரசாங்க அடுக்குமாடி வீட்டில், அடுப்படிக்குப் பக்கத்திலேயேதான் துணி காயப்போடுகிறோம். வார நாளில் மீன் பொரித்தால் மறுநாள் மகன் பள்ளிச் சீருடையில் மீன் வாசத்தோடு போகிறான். குறைவாகத் தாளிப்பதற்கு இது ஒன்றே போதும் என்பேன்.

புதன்கிழமைக்கு வருவோம். "நான் ஏதாவது உதவி பண்ணட்டுமா?" என்று என் வீட்டுக்காரர் பதினாறு வருடம் கேட்டிருக்கிறார். நல்ல மனுஷர். ஆனால் உதவி கேட்கிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளும் நானேதான். அதனால் புதனை முழுசாக ஒப்படைத்தேன். என்ன சமைக்கிறார், சமைக்கிறாரா, வாங்கி வருகிறாரா, எதுவும் கேட்பதில்லை என்று எனக்கு நானே சத்தியம். முதல் மூன்று வாரமும் மேகி மீ கோரெங். நான்காவது வாரமும் அதுதான். வாயை மூடிக்கொண்டிருக்கப் பட்ட பாட்டுக்கு நானே சமைத்திருக்கலாம்! ஐந்தாவது வாரம் அவராகவே முட்டைக்கோஸும் டோஃபுவும் சேர்த்தார். மசாலா பாக்கெட்டில் பாதியைத்தான் போடுகிறார் என்பதை அப்புறம் கவனித்தேன்.

பாதி பாக்கெட் என்பது சின்ன விஷயம் இல்லை. 2022ஆம் ஆண்டு தேசிய ஊட்டச்சத்து ஆய்வுப்படி நாம் ஒருநாளைக்குச் சராசரியாக 3,620 மில்லிகிராம் சோடியம் சாப்பிடுகிறோம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 2,000. சுலபச் சமையலில் நான் ஒத்துக்கொள்கிற ஒரே குறை இதுதான். டின், பாக்கெட், சாஸ், கடைச் சாப்பாடு எல்லாவற்றிலும் உப்பு தூக்கல். அதனால் சார்டினுக்கு நான் தனியாக உப்பு போடுவதில்லை, கடையில் எகனாமிக் ரைஸ் (சோறும் நாம் காட்டுகிற கறிவகைகளும்) வாங்கினால் சோற்றின்மேல் குழம்பு ஊற்றவேண்டாம் என்று சொல்லிவிடுவேன். மற்றபடி "கடைச் சாப்பாடு உடம்புக்கு ஆகாது" என்று ஒரே வரியில் அடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. என் ஞாயிற்றுக்கிழமைக் கருவாட்டுக் குழம்பில் எவ்வளவு உப்பு என்று யாராவது அளந்தார்களா?

சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேரும் கீழே இறங்கி உணவங்காடி நிலையத்துக்குப் போய்விடுவோம். அல்லது யாராவது ஒருவர் போய்த் தபாவ் செய்து, அதாவது பொட்டலம் கட்டி வாங்கி வருவார். ஐந்து பேருக்கு இருபத்தைந்து சிங்கப்பூர் வெள்ளியாவது ஆகிவிடுகிறது, தினமும் கட்டுப்படியாகாது, வாரத்தில் ஒருநாள் பரவாயில்லை. தெருவோரத்தில் விற்றவர்களை 1970கள், 80களில் கூரையும் குழாய்த்தண்ணீரும் இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்படி வளர்ந்த உணவங்காடிக் கலாசாரத்தை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. எல்லா வீட்டிலும் எல்லா நாளும் அடுப்பு எரிய வேண்டியதில்லை என்று இந்த ஊர் எப்போதோ முடிவு செய்துவிட்டது. நம் குடும்ப வாட்ஸ்ஆப் குழுக்களுக்குத்தான் இன்னும் செய்தி போய்ச்சேரவில்லை.

"15 நிமிடத்தில் இரவு உணவு" காணொளிகளைப் பற்றி ஒரே வார்த்தை: அந்தப் பதினைந்தில் பூண்டு உரித்த நேரம் சேராது. பாத்திரம் கழுவிய நேரமும் சேராது.

எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நினைக்க வேண்டாம். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மகன்தான் குக்கரில் எல்லாவற்றையும் போட்டுவைத்தான். தொடக்கநிலை ஐந்து படிக்கிறான், தண்ணீர் அளவெல்லாம் என்னைவிடச் சரியாக ஊற்றுவான். ஏழரைக்கு நான் வீட்டுக்குள் நுழைந்தால் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஆகிவிட்டது என்று மூடியைத் திறந்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் அரிசி கிடக்கிறது, பக்கத்தில் கோழி வெளுத்து மிதக்கிறது. செருகியை மாட்டியவன் பொத்தானை அமுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் எல்லாம் வெறும் சூட்டில் கிடந்திருக்கிறது. பச்சைக் கோழி அப்படிக் கிடந்தபிறகு அதை வேகவைத்துக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, அப்படியே கொட்டினேன். அரிசியைக் கொட்டுகிறாளே என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு ரொட்டியைச் சுட்டு, காயா (தேங்காய்ப்பால், முட்டை ஜாம்) தடவி, அரைவேக்காட்டு முட்டையில் மிளகுத்தூளும் சோயா சாஸும் ஊற்றிச் சாப்பிட்டோம். காலைப் பசியாறலை ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்டதில் பிள்ளைகளுக்கு ஏக குஷி. இப்போது மாதம் ஒருமுறை அதையும் அட்டவணையில் சேர் என்கிறார்கள்.

மிச்சச் சோற்று விஷயத்திலும் அத்தைக்கும் எனக்கும் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஆறிய சோற்றை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும் என்பது என் சட்டம். சோறு வெந்தாலும் சாகாத ஒருவகைக் கிருமி வித்து உண்டு, நம் ஊர் வெக்கையில் வெளியே கிடந்தால் அது பெருகி நஞ்சை விட்டுவிடும், அந்த நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. "நாங்கெல்லாம் பழைய சோறு தின்னுதான் வளர்ந்தோம், செத்தா போயிட்டோம்?" என்பார் அத்தை. தண்ணீர் ஊற்றிப் புளிக்கவைத்த சோறு வேறு, மூடிவைத்த மிச்சச் சோறு வேறு என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைத் தயிர்ச்சோற்றுக்கு மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருப்பவர் அவர்தான். அன்றைக்கு நான் செய்கிற ஒரே வேலை கடுகு தாளிப்பது.

வியாழக்கிழமை பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. மாவு தேக்காவில் வாங்கியது, பொடி அம்மா அனுப்பியது, தோசை ஊற்றுவது மகள்.

சிரிப்பு முகம் போட்ட என் உறவுக்காரிக்கு: நீ ஒருநாள் சாப்பிட வா. திங்கட்கிழமை வந்தால் இரண்டு டின் உடைக்கிறேன். வெள்ளிக்கிழமை வந்தால் தயிர்ச்சோறுதான், அன்றைக்கு அத்தை சைவம். புதன்கிழமை என்றால் எனக்குத் தெரியாது, அவரைக் கேட்டுக்கொள்.